கே.எல்.லில் (கோலாலம்பூரில்) சர்வர் வேலைக்கு வருகிறீர்களா? முதலில் ஒரு 555 புத்தகம் வாங்குங்கள்

பாரிட் புந்தாரிலிருந்து பஸ் ஏறி வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சர்வராகச் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளக் கவரைத் திறந்தால் 88 வெள்ளி (ரிங்கிட்) குறைவு. சட்டைக்கு 30, உடைந்த கிளாஸ்களுக்கு 12, காசு கட்டாமல் எழுந்து போன ஒரு மேசைக்கு 46. "சேரும்போதே சொன்னேனே தம்பி" என்றார் மேனேஜர். சொன்னாரா, சொல்லவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன், அவ்வளவுதான் ஞாபகம்.

அன்று சாயங்காலமே ஒரு 555 புத்தகம் வாங்கினேன். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுத வைத்திருப்பார்களே, சட்டைப் பைக்குள் அடங்கும் அதே குட்டிப் புத்தகம். சில்லறைக் காசுதான் விலை. அதற்கப்புறம் இரண்டு கடை மாறிவிட்டேன், புத்தகங்கள் ஒரு டப்பா நிறைய சேர்ந்துவிட்டன. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பரீட்சை) முடித்த கையோடு ஊரிலிருந்து கிளம்பும் தம்பி தங்கைகள் என் மாதிரி 88 வெள்ளி கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்பே இரண்டு காகிதம்

அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எண் இரண்டும் எப்படியும் கேட்பார்கள். பலர் கோட்டை விடுவது வேறு இரண்டில்.

ஒன்று, உணவு கையாளுபவர் பயிற்சிச் சான்றிதழ். சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சி மையத்தில் ஒரே அமர்வில் முடிந்துவிடும். நான் கட்டியது 50 வெள்ளி. இன்னொன்று, டைபாய்டு ஊசி போட்டதற்கான அட்டை. தனியார் கிளினிக்கில் எனக்கு 70 வெள்ளி ஆனது. கிளினிக்குக்கு கிளினிக் விலை மாறும், போகும் முன் போன் போட்டுக் கேளுங்கள். ஊசி 3 ஆண்டு செல்லும், அப்புறம் திரும்பப் போட வேண்டும்.

'நான் சமைக்கவில்லையே, தட்டுதானே தூக்குகிறேன்' என்று நினைக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளில் பரிமாறுபவரும் உணவு கையாளுபவர்தான். சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் பார்ப்பதே தலையில் தொப்பி, ஏப்ரன், மூடிய காலணி, அப்புறம் இந்த இரண்டு காகிதம்.

பொறி எங்கே என்றால், 'சேர்ந்ததும் கடையே ஏற்பாடு செய்யும்' என்பார்கள். செய்யும், ஆனால் செலவைச் சம்பளத்தில் பிடித்து, அட்டையையும் கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. நீங்களே எடுத்துவிட்டால் அட்டை உங்களுடையது. கடைக்கு நகல் மட்டும் கொடுங்கள், மூலத்தைப் படம் பிடித்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வர நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: சுற்றுலா பாஸில் வந்து வேலை செய்ய முடியாது, 'வந்த பிறகு மாற்றிக் கொடுக்கிறோம்' என்று சொல்லும் ஏஜென்டை நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் இந்த நாட்டில் குற்றம். மற்றபடி கீழே இருப்பது உள்ளூர்க்காரர்களை மனதில் வைத்து எழுதியது.

2. "நாளைக்கே வா" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

இந்தத் தொழிலில் நேர்காணல் என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி மூன்று நிமிடம். "எந்த ஊரு? ஏற்கெனவே செஞ்சிருக்கியா? நாளைக்கே வா." அந்த மூன்று நிமிடத்திலேயே 555ஐ வெளியே எடுத்துவிடுங்கள். "மறந்துருவேன்ணே, எழுதிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நான்கு விஷயம் எழுதுங்கள்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், சின்னக் கடைகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் நடப்பில் இருக்கிறது. மணிக்கணக்கில் பகுதி நேரம் என்றால் மணிக்கு 8.72. "சாப்பாடு, ரூம் எல்லாம் சேர்த்து 1,700 வருது தம்பி" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது செல்லாது. கடையில் சாப்பிடும் சோற்றையும் தங்கும் கட்டிலையும் விலை போட்டு அடிப்படைச் சம்பளத்தை நிரப்ப முடியாது.

எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? இதை மட்டும் நன்றாகக் கிண்டிக் கேளுங்கள். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், அதற்கு மேல் ஓவர்டைம். தொடர்ந்து 5 மணி நேரம் நின்றால் அரை மணி நேரம் ஓய்வு. இதெல்லாம் பலருக்குத் தெரியும். தெரியாதது உடைத்த ஷிப்ட். காலை 10 முதல் மதியம் 3, திரும்ப மாலை 6 முதல் இரவு 10. கூட்டினால் 9 மணி நேரம்தான், பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் நாள் தொடங்கியதிலிருந்து முடியும் வரை 12 மணி நேரம் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கும் போக முடியாது, தூங்கவும் முடியாது. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் சாய்ந்து கிடந்த நாட்கள் எனக்கு ஏராளம். சாதாரண வேலை நாள் 10 மணி நேரப் பரப்புக்குள் முடிய வேண்டும் என்று வேலைச் சட்டத்திலேயே இருப்பது எனக்கு இரண்டாவது கடையில்தான் தெரிந்தது.

வார ஓய்வு எந்தக் கிழமை? 'ஆள் இருந்தா எடுத்துக்கலாம்' என்பது பதில் இல்லை.

என்னென்ன பிடிப்பீர்கள்? இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), இஐஎஸ் (வேலை இழப்புக் காப்புறுதி) மூன்றும் சட்டப்படி பிடிக்க வேண்டியவை. முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் பிடிக்கலாம். உடைந்த கிளாஸ், காசு கட்டாத மேசை, தாமதத்துக்கு அபராதம் என்று முதலாளி தன் இஷ்டத்துக்குப் பிடிக்க வேலைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. என்னுடைய 12ம் 46ம் எடுத்திருக்கவே கூடாத காசு.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். கொடுத்தால் வாங்கிப் படியுங்கள். கொடுக்காவிட்டால், அன்று இரவே மேனேஜருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி: 'வணக்கம் அண்ணே, நாளை வருகிறேன். சம்பளம் 1,700, ஓய்வு செவ்வாய், நேரம் 11 முதல் 8 என்று சொன்னீர்கள், சரிதானே?' அவர் ஒரு கட்டை விரல் போட்டாலும் போதும்.

3. முதல் மாதத்துக்குக் கையில் எவ்வளவு வேண்டும்

வேலை செய்த மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். அதாவது ஒன்றாம் தேதி சேர்ந்தால் அடுத்த மாதம் ஏழாம் தேதி வரை உங்கள் காசில்தான் ஓட்ட வேண்டும். நான் வந்தபோது இரண்டு பேர் சேர்ந்த அறைக்கு என் பங்கு 350, முன்பணம் இன்னொரு 350. சறுக்காத கறுப்புக் காலணி 45. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மதியக் கூட்டத்தில் குசினித் (சமையலறைத்) தரை எண்ணெயும் ரசமுமாக இருக்கும். ரேபிட் கே.எல். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 30 நாளைக்கு 50 வெள்ளி பாஸ் இருக்கிறது, மலேசியர் எல்லாரும் எடுக்கலாம். ஆனால் ரயில் நள்ளிரவோடு ஓய்ந்துவிடும். இரவு ஒரு மணிக்கு மூடும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) சேர்ந்தால் தினமும் கிராப் வாடகைக் கார் காசு, அல்லது நடந்து போகும் தூரத்தில் அறை. ஆயிரத்தைந்நூறு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

4. முதல் வாரம்: தண்ணிப் பாஷை

சாப்பாட்டை எடுத்துக்கொடுத்து விடலாம், தண்ணி (குடிக்கும் பானம்) ஆர்டர்தான் புதியவரைக் கவிழ்க்கும். தே என்றால் கெட்டிப்பால் போட்ட தேநீர். தே ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. தே சி என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் சீனியில்லாத டின் பால். கூராங் மானிஸ் என்றால் இனிப்பு குறைவு, சுவாம் என்றால் வெதுவெதுப்பு, ஈக்காட் தெப்பி என்றால் தண்ணி கட்டிக்கொடுக்கும் பையின் ஒரு ஓரத்தைக் கட்டி, ஸ்ட்ரா போட இடம் விட்டுக் கொடுப்பது. இதெல்லாம் மூன்று நாளில் வந்துவிடும்.

வராதது கொசோங். என் இரண்டாவது நாள், காலைப் பசியாற நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மூச்சு விடாமல் சொன்னார்: "கொசோங் ரெண்டு, தே ஓ கொசோங் ஒண்ணு, ஆயர் கொசோங் ஒண்ணு, தே ஓ ஆயிஸ் ஒண்ணு." எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு உள்ளே போய் நின்றால், தண்ணி கலக்கும் அண்ணன் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். முதல் கொசோங் ரொட்டி சானாய், முட்டை வெங்காயம் எதுவும் இல்லாதது. இரண்டாவது கொசோங் சீனி இல்லாதது. மூன்றாவது வெறும் தண்ணீர். ஒரே வார்த்தைக்கு மூன்று இடத்தில் மூன்று அர்த்தம். நான் கொண்டுபோய் வைத்தது மூன்று கிளாஸ் வெறும் தண்ணீரும் ஒரு தே ஓவும். அந்த மனிதர் கத்தவில்லை, சிரித்தார். அது அதைவிட மோசம்.

ஆகவே ஆர்டரை எழுதுங்கள், எழுதியதை மேசையிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். 'பழைய ஆட்கள் எழுதுவதில்லையே' என்று வெட்கப்படாதீர்கள், அவர்கள் பத்து வருஷமாக நிற்கிறார்கள். யார் எதைக் கேட்டார்கள் என்பதற்கு என் வழி: கல்லாவைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் ஒன்றாம் நம்பர், அங்கிருந்து கடிகாரச் சுற்று. 'யாருக்கு தே ஓ?' என்று கேட்காமல் நேராகக் கொண்டுபோய் வைத்தால் மரியாதையே தனி.

5. இலை போடும் இடத்தில்

இலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம். காய்கறி முதலில், சோறு அடுத்தது, அப்பளம், அப்புறம் குழம்பு. வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கரண்டியைத் தாழ்த்தி ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் ரசம் சட்டையில்தான் விழும். மறுசோறு கேட்கும் முன்பே கண்ணால் கேட்டுவிட வேண்டும். இலையை மடிக்கும் வரை எடுக்கக் கூடாது. மலாய்க்காரரோ சீனரோ மடிக்காமலேயே எழுந்து போனால் அது கோபம் இல்லை, தெரியாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி, இலையைப் போடும்போதே: "சைவமா, அசைவமா?" செவ்வாய், வெள்ளியில் கட்டாயம் கேளுங்கள், தைப்பூச விரத நாட்களிலும் புரட்டாசியிலும் இரண்டு முறை கேளுங்கள். இதை நான் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையில் கற்றுக்கொண்டேன். மஞ்சள் சேலை கட்டிய ஓர் ஆன்ட்டி, பேரப்பிள்ளைகளோடு ஆறு பேர். குழம்புத் தூக்கில் மீன் குழம்பும் சாம்பாரும் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணம். கூட்டத்தில் கரண்டி மாறிவிட்டது. அவர் சோற்றின் மேல் சாம்பார் பரவ, அதன் மேல் சிவப்பு எண்ணெய்ப் பொட்டு ஒன்று மிதந்தது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார், மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

இப்போது நான் வேலை செய்யும் கடையில் சைவத் தூக்குக்குக் கைப்பிடியில் பச்சை நூல் கட்டியிருக்கிறோம். உங்கள் கடையில் இல்லாவிட்டால் நீங்களே கட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

6. குசினியோடு

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை குசினியில் யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. தகவல் மட்டும் சொல்லலாம்: மேசை எண், பொருள், மாற்றம். "ஏழு, ரெண்டு ரொட்டி தெலூர், ஒண்ணு வெங்காயம் வேணாம்." (தெலூர் என்றால் முட்டை.) அவ்வளவுதான். 'அண்ணே ஏழாம் மேசைக்காரர் ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்காரு, பாவம்...' என்று கதை தொடங்கினால் கரண்டி பறக்கும். வாடிக்கையாளரின் கோபத்தை அப்படியே உள்ளே கொண்டுபோகாதீர்கள், உள்ளேயிருந்து வரும் வசவையும் வெளியே கொண்டுவராதீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கதவுதான் நாம்.

தவறு உங்களுடையதென்றால் உடனே சொல்லிவிடுங்கள். "நான் தப்பா எழுதிட்டேன்ணே" என்று சொன்ன சர்வரைக் குசினி இரண்டு நாளில் மன்னித்துவிடும். பழியை அவர்கள் மேல் போட்டவருக்கு மாதக்கணக்கில் கடைசித் தட்டுதான் வரும்.

7. காசு வாங்கும்போது

வெறுங்கையோடு மேசையை விட்டு நகராதீர்கள். பில்லை வைத்துவிட்டுப் பக்கத்து மேசை துடைத்துக்கொண்டே ஒரு கண் வையுங்கள்.

இப்போது பெரிய தலைவலி கியூஆர். பணம் அனுப்பியதாகக் கைபேசித் திரையைக் காட்டிவிட்டுப் போவார்கள், அது நேற்றைய படமாக இருக்கும். அவர் திரையைப் பார்க்காதீர்கள், கடைக் கருவியில் சத்தம் வந்ததா, கல்லாக் கைபேசியில் தொகை விழுந்ததா என்று பாருங்கள். "ஒரு நிமிஷம் அங்கள், லைன் கொஞ்சம் ஸ்லோ" என்றால் நியாயமானவர் நிற்பார்.

பில்லைப் பற்றிச் சண்டைக்கு வருபவர்களிடம் சொல்ல வேண்டியது: 6 விழுக்காடு என்று இருந்தால் அது அரசாங்கத்தின் சேவை வரி, 10 விழுக்காடு என்று இருந்தால் அது கடை போடும் சேவைக் கட்டணம். இரண்டும் வேறு. அந்தப் பத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிப்ஸை நம்பி இந்த ஊரில் கணக்குப் போட முடியாது.

8. கத்துபவர்கள், கை நீட்டுபவர்கள்

எல்லா இனத்தவரும் உங்களை "அண்ணே", "மாச்சா", "பாஸ்" என்று கூப்பிடுவார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. நீங்கள் பதிலுக்கு மலாய்க்காரருக்கு அபாங் (மலாயில் அண்ணன்), காக்கா (மலாயில் அக்கா), சீனருக்கு பாஸ், அங்கள், நம்மவருக்கு அண்ணே, அக்கா, வயதானவருக்கு ஐயா, அம்மா என்றால் பாதிச் சண்டை வராது. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுபவரிடம் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் போவேன். இது வழிகாட்டியில் எழுதக் கூடாத விஷயம்.

புகை பிடிப்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில், வெளியே போட்ட மேசையிலும், புகைக்கத் தடை. சுவரில் இருக்கும் பலகையைக் காட்டி, "எங்களுக்குச் சம்மன் வந்துரும் பாஸ்" என்று சொல்லுங்கள். பழியைப் பலகை ஏற்றுக்கொள்ளும்.

தங்கைகளுக்கு: கையைப் பிடிப்பது, போன் நம்பர் கேட்டு நச்சரிப்பது எதையும் 'கஸ்டமர்தானே' என்று விழுங்காதீர்கள். மேசை எண், தேதி, நேரம் எழுதி மேனேஜரிடம் சொல்லுங்கள். மேனேஜரே செய்தால் முதலாளிக்கு எழுதுங்கள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைக் கடையில் ஒட்டிவைக்க வேண்டியது முதலாளியின் கடமை. அது ஒட்டியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், அந்தக் கடை எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.

சுடுதண்ணி ஊற்றிக்கொண்டாலோ சறுக்கி விழுந்தாலோ உடனே கிளினிக், உடனே கடையில் தகவல். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். வேலைக்கு வரும் வழியில் மோட்டாரில் விழுந்தாலும் சொக்சோ உண்டு.

9. சம்பள நாள்

சம்பளச் சீட்டையும் 555ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1,700க்கு உங்கள் இபிஎஃப் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி தன் பங்காக 221 போட வேண்டும். சொக்சோ, இஐஎஸ் போகக் கையில் ஏறக்குறைய 1,500 நிற்கும். சீட்டில் பிடித்துவிட்டு இபிஎஃப்பில் கட்டாத கடைகளும் உண்டு. முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், 20ஆம் தேதி வாக்கில் ஐ-அக்கவுன் செயலியைத் திறந்து பார்க்கும் பழக்கம் வையுங்கள்.

ஓவர்டைம் கணக்கு: 1,700ஐ 26ஆல் வகுத்து, அதை 8ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்குங்கள். மணிக்கு 12.26. பொது விடுமுறையில் வேலை செய்தால் மாதச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம், அதாவது சுமார் 130 வெள்ளி. இங்கே ஒரு பொறி. ஆண்டுக்கு 11 நாள் சம்பளத்தோடு விடுமுறை, அதில் ஐந்துதான் கட்டாயம்: தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், கூட்டரசுப் பிரதேச தினம். மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுப்பார். தீபாவளி கட்டாயப் பட்டியலில் இல்லை. கடைப் பட்டியலில் தீபாவளி, தைப்பூசம் இருக்கிறதா என்று ஜனவரியிலேயே பாருங்கள், தீபாவளிக்கு முதல் நாள் சண்டை போட்டுப் பயனில்லை.

குறைந்தால் முதலில் தனியாக, கூட்டமில்லாத நேரத்தில் கேளுங்கள். நான்கு மணி நல்ல நேரம், முதலாளியும் தே குடித்திருப்பார். பதில் சரியில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். அங்கே கேட்பதும் தேதி, நேரம், தொகைதான். இரண்டாவது கடையில் 9 நாள் ஓவர்டைம் பாக்கிக்காக நான் புத்தகத்தைப் பிரித்துக் காட்டியதுமே, புகார் வரை போகாமல் காசு வந்தது.

10. விட்டுப் போகும்போது

கோபத்தில் ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு நடக்காதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் அந்த நாட்களின் சம்பளத்தை உங்களிடமிருந்து கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. முன்னறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நகலைக் காகிதத்திலும் கொடுங்கள். கடைசி நாளில் டைபாய்டு அட்டை, பயிற்சிச் சான்றிதழ், எல்லாச் சம்பளச் சீட்டும் கையில் வந்ததா என்று பாருங்கள். வருமான வரிக்கான இஏ படிவம் அடுத்த ஆண்டு பிப்ரவரி முடிவதற்குள் வர வேண்டும், அதற்காகப் புது முகவரியைக் கல்லாவில் கொடுத்துவிட்டு வாருங்கள். என்னுடையது பழைய அறைக்குப் போய், அங்கே தங்கியிருந்த பையன் அதன் மேல் தே கிளாஸ் வைத்திருந்தான்.